பின்னால் கட்டிய கைகள்

ஆடத் தெரிந்தவளுக்கு ஆட்டுவிக்கவும் தெரியும் என்று எந்த மகராசன் முடிவு கட்டினானோ, சான்ட்ராவின் முழங்கால் ஜவ்வு கிழிந்த மறுவருடமே ஆபீஸ் அவள் கழுத்தில் விசிலை மாட்டிவிட்டது. கூடைப்பந்தில் மாநிலத்துக்கே ஆடியவள். அந்த ஆட்டத்துக்காகவே வேலை கொடுத்திருந்தார்கள். இனி பயிற்சியாளராக இரு, இல்லையென்றால் அடையாறு கிளையில் மேசைக்குப் போ என்றார்கள். வேலையையே விட்டுவிடுகிறேன் என்று ஒருநாள் சாந்தோம் வீட்டில் வாயெடுத்தாள். அம்மா மர்சலின் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அறுபது வயசு வரைக்கும் எவனும் அசைக்க முடியாத வேலைடி. பித்து கித்து புடிச்சிருக்கா உனக்கு?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பயிற்சியாளருக்கென்று மைதானத்தின் ஓரத்தில், பெஞ்சுக்கு முன்னால், கோடு போட்ட ஒரு இடம் உண்டு. ஆட்டம் முடியும்வரை அதற்குள்தான் நிற்க வேண்டும். வண்டலூர் ஜூவில் கரடிக்குக்கூட இதைவிட இடம் அதிகம். பந்து பக்கத்தில் வரும்போதெல்லாம் சான்ட்ராவின் கைகள் தாமாக எழும். அதனால் முதல் வருடமே இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்கப் பழகிவிட்டாள். கோச்சம்மாவுக்கு என்ன நிதானம் என்று பார்ப்பவர்கள் மெச்சினார்கள். நிதானமாவது மண்ணாவது! உள்ளே வயிறு பற்றி எரிந்துகொண்டிருந்தது.

இந்த வருடம் அவளுக்கு ஃபிர்தௌஸைப் பற்றித்தான் கவலை. திருவான்மியூர் ஆட்டோக்காரர் மகள், ஒப்பந்தத்தில் ஆடுகிறவள். கோப்பையை வென்றால் நிரந்தர வேலை, தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கும் வழியில்லை, விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான வயது அவளுக்கு இந்த மாதத்தோடு தாண்டுகிறது. இத்தனையையும் விளையாட்டு அதிகாரி பவுல்சாமி மிக்சர் கொறித்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

"டென்ஷன் ஆவாதக்கா," என்றாள் ஃபிர்தௌஸ், இறுதிப் போட்டிக்குப் போகும் வேனில். "பந்து எங்க போனாலும் பின்னாலயே வந்துக்கினு இருப்பேன்."

அது சான்ட்ரா சொல்லிக்கொடுத்த பாடம்தான். வெளியே போகிற பந்தை விடாதே, தரையைத் தொடும்வரை அது நம்முடையது.

தி.நகர் மைதானத்தில் அன்று சாயங்காலம், கடைசி நொடிகளில் இரண்டு அணியும் சமம். எதிரணிக்காரி தூக்கிப் போட்ட பந்தை ஃபிர்தௌஸ் விரல் நுனியால் தட்டிவிட்டாள். அது சான்ட்ரா நின்ற பக்கம் பறந்தது. ஃபிர்தௌஸ் அதன் பின்னாலேயே பாய்ந்து வந்தாள். பிடித்துவிட்டால் கூடைவரை குறுக்கே ஒரு ஆளில்லை. 'வா, வா' என்று கைதட்டத்தான் சான்ட்ரா பின்னால் கோத்திருந்த கைகளைப் பிரித்தாள்.

அடுத்த கணம் பந்து அவள் கையில் இருந்தது. எவ்வளவு அழகாகப் பிடித்தாள், பாவி! மார்போடு அணைத்து, முழங்கைகளை விரித்து, நல்ல காலை ஊன்றி மைதானத்தைப் பார்த்துத் திரும்பிக்கூட விட்டாள். விசிலை மாட்டிய நாளிலிருந்து அவள் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நொடிதான். பிறகுதான் நடுவரின் விசில் கேட்டது.

ஆட்டத்தில் இருக்கும் பந்தைப் பயிற்சியாளர் தொட்டால் குற்றம். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அதற்குப் பிறகு பந்தும் அவர்களுக்கே. எதிரணிக்காரி நிதானமாகப் போட்டாள், கூடையில் விழுந்தது. மிச்ச நொடிகளைப் பந்தைக் கைமாற்றியே தீர்த்தார்கள். ஒரே புள்ளியில் கோப்பை போயிற்று.

"தப்பு என்னோடது சார்," என்று பவுல்சாமியிடம் போய் நின்றாள் சான்ட்ரா. "என்னை எடுத்துட்டு அந்தப் பொண்ணுக்குப் போட்டுக் குடுங்க."

"உன்னை எப்படிம்மா எடுக்கறது? நீ பெர்மனென்ட்."

"நானே எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

"போ. அந்த இடம் அவளுக்கா வரும்? காலியா கெடக்கும்." அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை புதுப் பொண்ணுங்களுக்கு செலக்‌ஷன். காலையில சீக்கிரம் வந்துடு."

வேனில் திரும்பும்போது ஃபிர்தௌஸ் எப்போதும்போலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எப்போதும்போல ஐஸ் பையை எடுத்துச் சான்ட்ராவின் முழங்காலில் வைத்து அழுத்தினாள். திட்டித் தொலையேன்டி என்று கத்த வேண்டும்போல இருந்தது சான்ட்ராவுக்கு. சீட்டில் சாய்ந்திருந்ததால் கைகளைப் பின்னால் கட்டவும் இடமில்லை. அவை மடியில் கிடந்தன.

வேன் மயிலாப்பூர் குளத்தைச் சுற்றித் திரும்பியபோது ஃபிர்தௌஸ் மெதுவாகச் சொன்னாள். "நான் வந்துக்கினு தானேக்கா இருந்தேன்."

"தெரியும்."

"எட்டியிருப்பேன்."

"தெரியும்டி."

ஃபிர்தௌஸ் ஐஸ் பையைத் திருப்பி வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா செமையா புடிச்சக்கா."

அதைக் கேட்டதும் சான்ட்ராவுக்குள் பெருமை பொங்கியது. சீ, என்ன ஜென்மம் இது என்று தன் முகத்திலேயே காறித் துப்பத் தோன்றியது. அப்படியும் அந்தப் பெருமை அடங்கவில்லை. சாந்தோமில் வேன் நின்றதும், கால் மடங்காமல் தடுமாறியவளை ஃபிர்தௌஸ்தான் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.