ஒரு படி சாமைத் தவிடு

பங்குனி ஏழாம் தேதி காலை எட்டரை மணிக்கு நர்ஸ் பூங்கோதை பள்ளிக்கூடத்துப் புளியமரத்தில் தராசை மாட்டினாள்.

தராசுக்கு வட்டமான முகம், ஒரே முள், அடியில் கொக்கி. கொக்கியில் தொங்கவிட, கால் நுழைய இரண்டு துளை வைத்துத் தைத்த துணிப்பை. குழந்தையைப் பையில் உட்கார வைத்தால் முள் நகரும். எடையை அட்டையில் புள்ளியாக வைக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு புள்ளி. அட்டையின் அடியில் ஒரு சிவப்புக் கோடு. அதற்குக் கீழே புள்ளி விழுந்த குழந்தைக்கு அடிவாரத்து ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும். தாய்க்கும் அங்கேயே சாப்பாடு. எட்டே கட்டில்கள். அதனால் எடை எழுதாத அட்டையோடு யாரையும் ஆஸ்பத்திரி ஜீப்பில் ஏற்றுவதில்லை.

பதினேழு தாய்மார் வந்திருந்தார்கள். அவள் தராசை மாட்டி முடித்துத் திரும்பினாள். எல்லோரும் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்தாள். இன்னொருத்திக்கு அடுப்பில் வைத்த களி நினைவுக்கு வந்தது. ஒன்பது மணிக்கு மரத்தடியில் ஒருவரும் இல்லை.

ஒற்றை ஆசிரியர் கிருஷ்ணன் சன்னல் வழியாகப் பார்த்திருந்தார். ஆறு வருடமாக மலையில் இருப்பவர். வெட்கப்படுகிறார்கள், நாலு நாள் போனால் சரியாகும் என்றார்.

வெட்கம் இல்லை. பூங்கோதை இந்த ஊருக்கு வரத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று நகம் வெட்டிக்கொண்டார்கள். பூச்சி மாத்திரையைச் சப்பித் தின்றார்கள். கண்ணுக்கான எண்ணெய் மருந்தைக் குடித்து முகம் சுளித்துவிட்டு, தெரியாத மாதிரி மறுபடியும் வரிசையில் வந்து நின்றார்கள். பேதிக்கு உப்பும் சர்க்கரையும் கலக்கும் அளவைத் தாய்மார் ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள். ஒருமுறை அவள் உப்பைக் கூடப் போட்டபோது அவளையே திருத்தினார்கள். தராசுக்கு மட்டும் யாரும் வரவில்லை.

கடைசியாக எழுந்து போனவள் பாஞ்சாலை. அவள் இடுப்பில் அம்மாக்கண்ணு இருந்தாள். பதின்மூன்று மாதம். தை மாதம் மணல்வாரி அம்மை போட்டு இறங்கியது. அதன் பிறகு பேதி. இப்போது குழந்தை வாய் திறந்து அழுதது, சத்தம் வரவில்லை. பூங்கோதை அதன் மேற்கையை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்திருந்தாள். விரல்கள் ஒன்றையொன்று தாண்டிப் போயின.

மறுநாள் புதன்கிழமை பூங்கோதை பாஞ்சாலை வீட்டுக்குப் போனாள். பாஞ்சாலை புளி ஓடு தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை பக்கத்தில் சாக்கின் மேல் கிடந்தது. வெள்ளிக்கிழமை ஜீப் வரும், ஒரு கட்டில் காலி இருக்கிறது, அட்டையில் எடை மட்டும் வேண்டும் என்று பூங்கோதை சொன்னாள். பாஞ்சாலை தட்டுவதை நிறுத்தவில்லை. தலை நிமிராமலே கேட்டாள்.

"நேத்து நீ மாட்டுன கிளையில இன்னா மாட்டுவாங்க, தெரியுமா?"

தெரியாது என்றாள் பூங்கோதை.

"கண்ணாயிரம் தராசு."

கண்ணாயிரம் ஒடுகத்தூர் வியாபாரி. ஒவ்வொரு பங்குனியிலும் புளி வாங்க வருவார். மலைக்காரர்கள் தங்களுக்குள் எதையும் எடை போடுவதில்லை. சாமையைப் படியால் அளந்தார்கள். தேனைப் போத்தலால். விறகைக் கட்டுக் கணக்கில். தராசில் ஏறுவது புளியும் கடுக்காயும் மட்டுமே. ஏறியது மலையை விட்டு இறங்கிவிடும். விலை படியாவிட்டாலும் எடை போட்ட மூட்டையை வீட்டுக்குத் திருப்பி எடுத்துவர மாட்டார்கள். அது மரத்தடியிலேயே மழையில் நனையும்.

பூங்கோதை வேறு இடத்தில் மாட்டுவதாகச் சொன்னாள். வீட்டு உத்தரத்தில்கூட மாட்டலாம்.

"கிளை இன்னா செய்யும்," என்றாள் பாஞ்சாலை. "போன வருசம் மேலூர்ல மாதம்மா புள்ளைய எட போட்டாங்க. ஜீப்புல போச்சி. வர்ல."

பூங்கோதைக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் இருந்தவள் விட்டுப்போன நோட்டில் அந்த வரி இருந்தது. நாலு கிலோ தொள்ளாயிரம். அடுத்த கட்டத்தில் தேதி. அதற்கடுத்த கட்டத்தில் இறப்பு. எடை போடாவிட்டாலும் அந்தக் குழந்தை செத்துத்தான் போயிருக்கும் என்று சொல்லலாம். அவள் சொல்லவில்லை.

பாஞ்சாலை கட்டையைக் கீழே வைத்தாள். குழந்தையின் வாயோரம் மொய்த்த ஈயை விரட்டினாள்.

"எனக்கு இதுக்கு முன்ன ரெண்டு போச்சி," என்றாள். "அதுங்கள யாரும் எட போடல."

பிறகு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்று மாலை பூங்கோதை பள்ளிக்கூடத்தில் வெற்று அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிருஷ்ணன் வழி சொன்னார். பார்த்தாலே தெரிகிறது, ஐந்தரை கிலோ இருக்கும், நீயே ஒரு புள்ளி வைத்துவிடு என்றார். அவளும் அதைத்தான் யோசித்திருந்தாள். ஆனால் ஆஸ்பத்திரியில் குழந்தையைச் சேர்க்கும்போது முதல் காரியம் எடை போடுவது. பாஞ்சாலை அதைப் பார்ப்பாள். பார்த்தால் குழந்தையை இழுத்துக்கொண்டு மலைக்கு நடந்துவிடுவாள். அட்டை வெற்றாகவே இருந்தது.

வியாழக்கிழமை காலை பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன் பாஞ்சாலை வந்தாள். இடுப்பில் குழந்தை. கையில் படி, கோபுரமாகச் சாமைத் தவிடு. பின்னால் அவள் கணவன் ரங்கன்.

"நீ இவள வாங்கிக்க," என்றாள்.

பூங்கோதைக்குப் புரியவில்லை. ரங்கன்தான் நிதானமாகச் சொன்னான். பிள்ளை தங்காத வீட்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையை இன்னொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். அன்றிலிருந்து அது அவள் பிள்ளை. பெற்றவள் பால் கொடுத்து வளர்ப்பாள், அவ்வளவுதான். பிள்ளையைத் தேடி வருவது பெற்றவள் வாசலில் பார்த்துவிட்டு, இங்கே இல்லை என்று போய்விடும். பிள்ளை தேறியதும் அதே தவிட்டைக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். வழக்கமாகப் பிள்ளை குட்டி நிறைய உள்ளவளுக்குத்தான் விற்பார்கள். பாஞ்சாலை ராத்திரி முழுக்க யோசித்து நர்ஸம்மாவைச் சொன்னாள்.

"எங்கிட்டத் தவிடு இல்லியே," என்றாள் பூங்கோதை.

"நான் எடுத்தாந்திருக்கேன். அத நீ எனக்குக் குடு."

சாட்சிக்குக் கிருஷ்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இத எந்த ஃபாரத்துலம்மா எழுதுவ என்றார். ரங்கன் மட்டும் சிரித்தான்.

"கல்யாணச் செலவு இல்லாம உனக்குப் புள்ள கெடைக்குது, நர்ஸம்மா."

பூங்கோதை பயிற்சி வகுப்பை நினைத்தாள். மூடநம்பிக்கையை ஊக்கப்படுத்தக் கூடாது என்று அங்கே எழுதி வாங்கியிருந்தார்கள். மேற்பார்வையாளர் வந்தால் என்ன சொல்வது என்று நினைத்தாள். குழந்தை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணைத் தவிர அதன் முகத்தில் எதுவும் அசையவில்லை.

அவள் படியை வாங்கினாள். பாஞ்சாலை முந்தானையை ஏந்தினாள். தவிட்டைக் கொட்டும்போது காற்றில் கொஞ்சம் பறந்தது. படியின் அடியைத் தட்டச் சொன்னாள் பாஞ்சாலை. ஒட்டியிருந்ததும் விழுந்த பிறகு முந்தானையை முடிந்துகொண்டு குழந்தையைப் பூங்கோதை கையில் வைத்தாள்.

"இனிமே உன் புள்ள. நீ இன்னா வேணா செய்."

சொல்லிவிட்டு மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

பூங்கோதை குழந்தையைப் பையில் வைத்து மாட்டினாள். முள் நகர்ந்து நின்றது. ஐந்து கிலோ நானூறு. சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே புள்ளி வைத்தாள். தாய் பெயர் என்ற இடத்தில் எழுதாமல் விட்டாள். பாஞ்சாலை இப்போது திரும்பி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் பூங்கோதை எழுதவில்லை.

அன்று சாயங்காலம் ஒருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, நர்ஸம்மா எத்தனை பிள்ளைவரைக்கும் வாங்குவாள் என்று கிருஷ்ணனிடம் விசாரித்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. ரங்கன் வழியனுப்ப வந்தான். தவிட்டைப் பானையில் போட்டு உத்தரத்தில் கட்டியிருப்பதாகவும் ஆட்டுக்குட்டி எட்டாது என்றும் சொன்னான். பூங்கோதை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினாள். பாஞ்சாலை பின்னால். குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு ஆள் வேண்டுமே, அதற்காக வருகிறேன் என்று டிரைவருக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டாள். வளைவுகளில் ஜீப் திரும்பும்போதெல்லாம் அவள் கை முன் சீட்டுக்குப் பின்னால் இருந்த தடுப்புக் கம்பிகளுக்கு ஊடே நீண்டு வந்து, குழந்தையைத் தொடாமல், பூங்கோதையின் தோளைப் பிடித்தது.

பாதி மலை இறங்கியதும் அவள் குனிந்து பேசினாள்.

"அங்க யாரு கேட்டாலும் நான் அம்மா இல்ல. என் வாயாலயும் சொல்லக்கூடாது, உன் வாயாலயும் சொல்லக்கூடாது. சொல்லிட்டா வித்தது செல்லாது."

பூங்கோதை சரி என்றாள். நர்ஸைத் தனியாகப் பார்த்து முதலிலேயே சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கு வாய்க்கவில்லை. வார்டில் மூத்த நர்ஸ் கன்னியம்மாள் வாசலிலேயே குழந்தையை வாங்கிக்கொண்டு போய்த் தராசில் வைத்தாள். ஐந்து கிலோ முந்நூறு. பாஞ்சாலை சுவரைப் பார்த்து நின்றாள். கன்னியம்மாள் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தாள். கிள்ளிய இடம் அப்படியே நின்றது. நல்ல வேளை, இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றாள். ஆறாம் கட்டில் காலியாக இருந்தது. குழந்தையை அதில் கிடத்திவிட்டுப் பதிவேட்டைத் திறந்தாள்.

ஊர் கேட்டாள். வயது கேட்டாள். குழந்தை பெயரைக் கேட்டாள். பூங்கோதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கன்னியம்மாள் அட்டையைத் திருப்பி வெற்றிடத்தைப் பார்த்தாள். வார்டில் தாய் மட்டும்தான் தங்கலாம் என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. கட்டிலின் ஒரு பக்கம் பூங்கோதை நின்றாள். மறுபக்கம் பாஞ்சாலை. குழந்தை அழத் தொடங்கியது. பால் சுரந்து பாஞ்சாலையின் ரவிக்கை நனைந்தது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றாள்.

கன்னியம்மாள் பேனாவை வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா ரெண்டு பேரும் இப்டி நிக்கிறீங்க? இதுக்கு அம்மா யாரு?"