இறுக்கமான சஸ்பென்ஷன்

விற்பனையாளர் காரைப் பற்றிய அத்தனையையும் என் கணவரைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டப்போவது நான். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. இந்த மாதம் ஏறி இறங்காத ஷோரூம் இல்லை, எல்லா இடத்திலும் இதே கூத்துதான்.

“எனக்கு ஹாரன் எங்க இருக்குன்னுகூடத் தெரியாதுங்க. அவங்கதான் ட்ராக்ல ஓட்டுறவங்க,” என்றார் கணவர்.

விற்பனையாளர் ஒருமுறை என் பக்கம் திரும்பிப் புன்னகைத்துவிட்டு மறுபடி அவரிடமே போனார்.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மாலையில் வீடு திரும்பினால் எங்கள் இருவருக்குமே பேசத் தெம்பு இருக்காது. காலையில் அவரை ஆபீசில் இறக்கிவிடப் போகும் முக்கால் மணி நேரம்தான் எங்கள் குடித்தனம். சண்டை, சமாதானம், ஊர்வம்பு எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். வருடத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள் ரேஸ் ட்ராக்கை எங்களைப் போன்றவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். அன்றைக்குத்தான் நான் உயிரோடு இருப்பதாக எனக்கே தோன்றும். மற்ற நாளெல்லாம் யாருடைய எலும்பையோ பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய வண்டி படுத்துவிட்டது. எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம். ஆபீசுக்கும் ட்ராக்குக்கும் ஒன்றே போக வேண்டும். கடைசியில் இரண்டு தேறின. ஒன்று சிவப்பு, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும், சஸ்பென்ஷன் இறுக்கம் என்பதால் ரோட்டின் மேடுபள்ளமெல்லாம் உடம்பில் தெரியும், ஆனால் சீறிக்கொண்டு போகும். இன்னொன்று சாம்பல் நிறம், மெத்தென்று இருக்கும், ஓட்டம் சுமார்.

சிவப்பை ஓட்டிப் பார்க்க எடுத்தோம். விற்பனையாளர் பின் சீட்டில் கால் மடக்க முடியாமல் ஒடுங்கிக்கொண்டார். முதல் திருப்பத்திலேயே வண்டி நான் நினைத்த கோட்டில் போயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு வண்டி கையில் கிடைத்து எத்தனை காலம்!

“எப்படி இருக்கு?” என்று கணவரைக் கேட்டேன்.

“சூப்பரா இருக்கு. இதையே எடுத்துடு.”

அடுத்த தெரு முழுக்க வேகத்தடைகள். ஒவ்வொன்றுக்கு முன்னாலும் அவர் மூச்சைப் பிடித்தார், தாண்டியதும் விட்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் நான், “மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க” என்று நாள் முழுக்கச் சொல்லிப் பிழைப்பவள். பக்கத்தில் ஒருவர் மூச்சைப் பிடித்தால் எனக்குத் தெரியாமல் போகாது. அவர் முதுகெலும்பைப் படம் எடுத்ததும் நான்தான். உள்ளே எது தேய்ந்து எதன்மேல் உரசுகிறது என்று அவரைவிட எனக்கு நன்றாகவே தெரியும்.

ஷோரூம் வாசலில் நிறுத்தியதும் விற்பனையாளர் விட்டால் போதும் என்று உள்ளே போனார்.

“வலிக்குதா?”

“இல்லையே.”

“மூச்ச புடிச்சீங்க.”

“ரோட்டப் பாத்து ஓட்டுன்னா என் மூச்சப் பாத்தா ஓட்டுவ?” சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “சரி விடு. நான் ட்ரெயின்ல போயிக்கறேன். நின்னுக்கிட்டே போனா முதுகுக்கும் நல்லது.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேலா, அந்தப் பாழாய்ப்போன முதுகின்மேலா, தெரியவில்லை. எங்களுக்கென்று இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தையும் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறாரே மனுஷன்!

“சாம்பல் கலரே எடுத்துக்கலாம்,” என்றேன்.

“அதுல ட்ராக்குக்குப் போனா கடைசியா வருவ.”

“வந்துட்டுப் போறேன்.”

“அப்புறம் என் முதுகாலதான் எல்லாம் போச்சுன்னு காலம் பூரா சொல்லிக் காட்டுவ.”

“நான் அப்படிச் சொல்ற ஆளா?”

“வாயால சொல்ல மாட்ட. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவ. அது இன்னும் மோசம்.”

அவர் சொன்னது உண்மை. கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். விற்பனையாளர் காகிதங்களோடு வந்து, “சார், செவப்புதானே?” என்று அவரைக் கேட்டார்.

“சாம்பல்,” என்றேன் நான்.

“மேடம், ட்ராக்குக்கு அது அவ்வளவா...”

“தெரியும்.”

சிவப்புதான் வேண்டும் என்று மனசு இன்னும் அடித்துக்கொண்டது.

“நல்லா யோசிச்சுக்கோ,” என்றார் கணவர் தணிந்த குரலில். “கண்டிப்பா சொல்லிக் காட்டுவ.”

“காட்டுவேன்தான். தினமும் காலையில பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே வாங்க.”