மலை மறைக்கும் பொழுது

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது ரிஷபனுக்கு. "நல்லா இருக்கீங்க, போய் வேலையப் பாருங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஸ்டென்டை நம்பிய மனுஷன் அந்த வார்த்தையை மட்டும் நம்பவில்லை. நாடித்துடிப்பு பார்க்கும் சின்ன மிஷின் ஒன்றை வாங்கி விரலில் மாட்டிக்கொண்டார். டீ குடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை, குடித்த பிறகு ஒரு தடவை. தும்மினால்கூட எண்ணைப் பார்க்கிற அளவுக்கு ஆகிப்போனது.

செஞ்சியில், பழுதான மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை அவருடையது. இருபத்தெட்டு வருஷக் கடை. இனி உடம்பு தாங்காது என்று வேலையாட்களை அனுப்பியாயிற்று. காயில் சுற்றும் மிஷினையும் அவலூர்பேட்டை தனகோட்டிக்கு விற்கப் பேசி முடித்தாயிற்று. நாளைக் காலையில் மினி லாரி வரும், ஏற்றிவிட்டால் கதை முடிந்தது. இதைக் கேட்டதிலிருந்து மனைவி ராஜமதி பாத்திரங்களைச் சற்றுச் சத்தமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கத்தில் நைனார் என்று கூப்பிடும் சமணர் வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவது வழக்கம். ரிஷபன் வீட்டில் அதற்குக் கடிகாரம் வீட்டுக்கு மேற்கே நிற்கும் ராஜகிரி மலைதான். சூரியன் மலைக்குப் பின்னால் போனதும், ஏறக்குறைய ஐந்தரை மணிக்கு, பாத்திரங்களை மூடிவிட வேண்டும், அது அவருடைய நைனா, அதாவது அப்பா, போட்ட சட்டம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த வேளை வந்தாலே ரிஷபனுக்குச் சோறு இறங்காது. இன்றைக்கு ஒரு நாள் கழிந்தது, மிச்சம் எத்தனையோ என்று மனசு கணக்குப் போடும்.

அன்று மத்தியானம் வல்லத்திலிருந்து அம்மாக்கண்ணு ஆட்டோவில் கடை வாசலில் வந்து இறங்கினாள். தனியாளாக ஒரு ஏக்கர் நிலக்கடலை, அவள் பேச்சில் மல்லாட்டை, போட்டிருப்பவள்.

"நைனாரே, மோட்டாரு நின்னு நாலு நாளாவுது. காய் புடிக்கிற நேரம். இன்னிக்கித் தண்ணி ஏறலன்னா மல்லாட்டய மாட்டுக்குத்தான் புடுங்கிப் போடணும்."

"வேற ஆளப் பாருக்கா. எனக்கு ஒடம்பு முடியல."

"ரெண்டு பேரு பாத்துட்டாங்க. கெணத்துலேந்து மோட்டார வெளிய எடுக்கணும்ன்றாங்க. நீங்க ஒண்ணும் தூக்க வேணாம், ஒக்காந்து பாருங்க. தூக்கறதுக்கு ஆளு இருக்குது."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கை என்னவோ டெஸ்டரை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டது. ராஜமதிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார். பாதி வழியில்தான், விரல் மிஷின் கடை மேஜையிலேயே கிடப்பது ஞாபகம் வந்தது. வெறும் விரலைத் தடவிக்கொண்டார். திரும்பிப் போகலாமா என்று யோசிப்பதற்குள் வல்லம் வந்துவிட்டது.

கிணற்றடிக் கொட்டகையில் கோணியைப் போட்டு உட்கார்ந்தார். ஒயர் முனையில் டெஸ்டரை வைத்து மோட்டாரைச் சோதித்தார், பழுதில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே எறும்புகள் ஊரே கட்டி வைத்திருந்தன. இதைப் பார்க்காமல் மோட்டாரை வெளியே எடுக்கச் சொன்ன அந்த இரண்டு பேரையும் மனசார நாலு வார்த்தை திட்டினார். திட்டுவதுகூட நன்றாக இருந்தது. எறும்பைத் தட்டி, கருகிய ஒயரை மாற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி பூட்டி முடிக்க மூன்று மணி நேரம் போனது. பட்டனை அமுக்கியதும் மோட்டார் ஒரு தடவை உறுமியது, பிறகு குழாயில் தண்ணீர் பாய்ந்து வந்தது. அம்மாக்கண்ணு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மடையைத் திருப்ப ஓடினாள். ரிஷபன் தண்ணீரில் கையை நீட்டியபடி நின்றார். இந்த மூன்று மணி நேரமும் தன் நெஞ்சு என்ன செய்துகொண்டிருந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை.

அந்நேரம் ஸ்கூட்டியில் ராஜமதி வந்தாள், கையில் டிபன் கேரியர்.

ரிஷபன் வாட்சைப் பார்த்தார். ஆறாக ஐந்து நிமிஷம். முகம் சுண்டிப்போனது. "எதுக்கு இவ்ளோ தூரம் வந்த? பொழுதுதான் போயிடுச்சே. மூடி வையி."

வரப்பிலிருந்து அம்மாக்கண்ணு சிரித்தாள். "இன்னா நைனாரே, அந்தாண்ட திரும்பிப் பாருங்க!"

திரும்பினார். செஞ்சி மலைகள் தூரத்தில் தாழ்ந்து கிடந்தன. அவற்றுக்கு மேலே, முழு உருண்டையாகச் சூரியன் நின்றுகொண்டிருந்தது. வயல் முழுக்க மஞ்சள் வெயில்.

அப்படியே நின்றுவிட்டார். மலையடியில் வீட்டைக் கட்டிக்கொண்டு, மலை மறைத்ததையெல்லாம் பொழுது போனதென்று ஐம்பத்து மூன்று வருஷமாக மூடி வைத்திருக்கிறார். வெளியூர் போன நாட்களிலும் வாட்சைப் பார்த்தே மூடினார், வானத்தை ஒரு நாளும் பார்க்கவில்லை.

"ராஜமதி, சூரியன் இன்னும் இருக்குது!"

"இருக்கும். மேல்சித்தாமூருல எங்க அம்மா வீட்டுலயும் இந்நேரத்துக்கு இருக்கும். கல்யாணம் ஆன வருஷமே எனக்குத் தெரியும்."

"ஏண்டி சொல்லல?"

"உங்க நைனா போட்ட சட்டம். அதுவுமில்லாம, சீக்கிரம் சாப்டா பாத்திரமும் சீக்கிரம் கழுவி முடிஞ்சிடும்." சொல்லிவிட்டு இலையை விரித்தாள். "உங்களுக்கும் பொழுது இன்னும் போகலன்னு அஞ்சு மாசமா சொல்லணும்னு இருந்தேன். சொன்னா கேக்கற ஆளா நீங்க?"

ரிஷபன் வரப்பில் உட்கார்ந்தார். எலுமிச்சைச் சோறு, வாழைக்காய் வறுவல். பசி இவ்வளவு நாள் எங்கே போயிருந்ததோ, வாரி வாரிச் சாப்பிட்டார். சூரியன் இறங்கிக்கொண்டுதான் இருந்தது, அது நிற்கப்போவதில்லை. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட முடிந்தது. மனசு கணக்குப் போடவில்லை.

வரப்பில் வைத்திருந்த அவருடைய போன் அடித்தது. ராஜமதி எடுத்தாள். "தனகோட்டி" என்றாள். "காலையில எத்தினி மணிக்கு லாரி அனுப்பட்டும்னு கேக்கறாரு." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போனைப் பிடிக்க முடியாது என்பதுபோல் ரிஷபன் சோறு ஒட்டிய ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினார்.

"லாரி வேணாம்னு சொல்லு. மிஷின் விக்கிறதுக்கு இல்ல. அப்பறம் பேசறேன்னு சொல்லு, இப்ப சாப்டுட்டு இருக்கேன்."

ராஜமதி சொன்னாள். போனை வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மலைக்கு மேலே சூரியன் நூலளவுதான் மிச்சம் இருந்தது.

"சீக்கிரம் சாப்டுங்க."

"இரு, இன்னும் ஒரு வாய் இருக்குது" என்றார் ரிஷபன். உருட்டிய கவளத்தை அவள் கையில் வைத்தார்.