ஐரீன் ஹாலக்கின் நடை

சினிமாவில் ஒருவர் நடந்துவரும்போது நமக்குக் கேட்கும் காலடிச் சத்தம் பெரும்பாலும் அவருடையதாக இருப்பதில்லை. படப்பிடிப்பில் மைக் நடிகரின் வாய்ப் பக்கம் நீண்டிருக்கும். வசனம் சுத்தமாகக் கிடைக்க வேண்டுமே என்று செருப்புக்கு அடியில் கம்பளித் துண்டை ஒட்டி நடையை ஊமையாக்கிவிடுவார்கள். படம் எடுத்து முடிந்த பிறகு, வேறு ஓர் ஊரில், விளக்கை அணைத்த ஓர் அறையில், இன்னொருவர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்ற இடத்தில் நடப்பார். தியேட்டரில் நாம் கேட்பது அந்த நடையைத்தான்.

ஐரீன் ஹாலக்குக்காக அப்படி நடந்தவள் கோபிசெட்டிபாளையத்துக் கண்மணி.

ஐரீன் ஹாலக்கின் கதை அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரியும். டெக்சஸில் ஒரு பருத்திக்காட்டு ஊரில் பிறந்து, பதினேழு வயதில் டிவி விளம்பரத்தில் சோப்பைத் தூக்கிக் காட்டியவர். அப்புறம் முப்பது வருடம் கதாநாயகிக்கு அக்கா, கதாநாயகிக்குத் தோழி, கதாநாயகியைத் திட்டும் நர்ஸ். நாற்பத்தெட்டு வயதில்தான் படம் முழுவதையும் தோளில் தாங்கும் வேடம் கிடைத்தது. சிறிய ஊரில் லாண்டரி நடத்தும் ஒரு விதவை. அந்த வருடத்தின் சிறந்த நடிகை விருதை அதற்குத்தான் வாங்கினார். அதே படம்தான் கண்மணிக்கும் முதல் படம்.

கண்மணிக்கு அந்த வேலை கிடைத்தது கூரை வழியாக. 1990இல் கணவன் நெடுஞ்செழியனோடு அமெரிக்காவின் ஃப்ரீமான்ட்டுக்கு வந்து, மாடி அபார்ட்மெண்டில் குடியேறினாள். கீழ் வீட்டில் தூத்துக்குடிக்காரர்களான ஆட்ரியனும் ஜூடித்தும் இருந்தார்கள். ஆட்ரியன் பெர்க்லியில் ஒரு ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்பவன். ஒருநாள் லீவில் இருந்தவன் மாடிக்கு வந்து கதவைத் தட்டினான்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் இன்னிக்கு ஆபீஸ் போகலையா?"

"காலைலயே போயிட்டாருங்களே. ஏனுங்க?"

"இப்பதான் மேல அவர் நடக்கிறது கேட்டுச்சு. எனக்கு அவர் நடை தெரியும்."

கண்மணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஜூடித் வேலைக்குப் போகும் நாட்களில் குழந்தை ஜோவானாவை அவள்தான் பார்த்துக்கொண்டாள். சோறூட்டும்போது குழந்தை வாயைத் திறக்க, யார் யார் எப்படி நடப்பார்கள் என்று நடந்து காட்டுவாள். அபார்ட்மெண்ட் மேனேஜர், தபால்காரர், கடைசியில் நெடுஞ்செழியன் மாமா. தயங்கித் தயங்கி அதைச் சொன்னாள்.

"மேனேஜர் மாதிரி ஒருக்கா நடங்க," என்றான் ஆட்ரியன். நடந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

கிரீன் கார்டு வந்த மறுமாதம் அவளை பார்ட் ரயிலில் பெர்க்லிக்கு அழைத்துப்போனான். "நடக்கிறதுக்கு ஒரு ஆள் வெக்கறாங்களா? இந்த ஊர்ல எதுக்குத்தான் ஸ்பெஷலிஸ்ட் இல்ல," என்றார் நெடுஞ்செழியன்.

ஸ்டூடியோவில் நடப்பதற்கென்றே இருந்த அறையின் தரை கட்டம் கட்டமாக இருக்கும். ஒன்றில் சலவைக்கல், ஒன்றில் மரப்பலகை, ஒன்றில் சரளை, ஒன்றில் ஈரமண். பனியில் நடக்க வேண்டுமென்றால் தோல் பையில் சோளமாவை நிரப்பி மிதிக்க வேண்டும். உண்மையான பனியை விட அது பனி மாதிரி கேட்கும். இதையெல்லாம் கண்மணி ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். அவள் நடிகரின் காலைப் பார்ப்பதில்லை, தோளைத்தான் பார்ப்பாள். கால் பாதி நேரம் திரையிலேயே இருக்காது. ஆனால் தோள் இறங்குகிற கணம் பாதம் தரையில் விழுகிற கணம்.

லாண்டரிப் படத்தில் விதவை வெறுங்காலோடு சமையலறையைக் கடக்கும் காட்சி ஒன்று வந்தது. பதினோரு அடிகள். ஆட்ரியன் கண்மணியின் காலைப் பார்த்தான்.

"அக்கா, அந்த மெட்டி... கொஞ்சம் கழட்டிடலாமா?"

"கல்யாணத்துல போட்டதுங்க. அதக் கழட்டறதில்ல."

"பலகைல டிங்குனு கேக்கும்."

"பிளாஸ்திரி ஒட்டிக்கறேன்."

இரண்டு கால் விரல்களிலும் மெட்டிக்கு மேல் மருத்துவப் பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். படம் வெளிவந்ததும் நெடுஞ்செழியனோடு தியேட்டருக்குப் போனாள். சமையலறைக் காட்சி வந்தது. வலது கால் விழும் ஒவ்வொரு முறையும் மிக மெல்லிய வெள்ளிச் சத்தம். பிளாஸ்திரி நழுவியிருக்கிறது. அமெரிக்க விதவை மெட்டி போட்டுக்கொண்டு நடக்கிறாள். கண்மணி சீட்டில் சுருண்டுபோனாள்.

"யாருக்கும் கேக்காதுக்கா," என்றான் ஆட்ரியன் மறுநாள். "அந்தச் சீன்ல போட்ட ஃப்ரிட்ஜ் சத்தத்துல எனக்கே கேக்கல. விட்டுடுங்க. வெளிய சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

அதற்குப் பிறகு அவள் பிளாஸ்திரியை மூன்று சுற்று சுற்றினாள். ஐரீன் படமென்றால் உடை இலாகாவிடம் சொல்லி அவர் படத்தில் அணிந்த செருப்புகளையே வரவழைத்தாள். கண்மணிக்கு ஆறாம் நம்பர், ஐரீனுக்கு ஏழு. முன்பக்கம் பஞ்சை அடைத்துக்கொள்வாள். முதலில் செருப்பைக் கவிழ்த்துக் குதிகாலைப் பார்ப்பாள். தேய்மானத்தில் நடை எழுதியிருக்கும். ஐரீனுக்கு இரண்டு குதிகாலும் வெளி ஓரத்தில் தேயும். சேற்றில் நடந்து வளர்ந்த பெண் மாதிரி கொஞ்சம் அகட்டி நடப்பார். விவாகரத்து ஆன வருடம் எடுத்த படத்தில் குதிகால் பலமாக விழுந்தது. ஐம்பத்திரண்டு வயதில் டாங்கோ கற்றுக்கொண்டு ஆடிய படத்தில் தேய்மானம் முழுக்க விரல் பக்கம் போயிருந்தது. அந்தப் படத்துக்கு இரண்டாவது விருது வந்தபோது கண்மணி வீட்டில் கேசரி செய்து கீழ் வீட்டுக்கும் கொடுத்தாள். ஐரீனை அவள் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐந்தாவது படத்தின் செருப்புப் பெட்டி வந்தது. கவிழ்த்துப் பார்த்தவள் இரண்டையும் அருகருகே வைத்தாள். வலது குதிகால் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. இடது புதுசு போல இருந்தது.

படத்தின் கடைசிக் காட்சியில் ஐரீன் பெட்டியோடு வீட்டை விட்டுக் கிளம்பி, நீண்ட ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மகளைத் தேடி நடந்துவருகிறார். இடுப்புக்கு மேல்தான் படம் பிடித்திருந்தார்கள். கண்மணி தோளைப் பார்த்து நடந்தாள். சினிமாவில் ஒரு வினாடிக்கு ஃபிரேம் எனப்படும் படச் சட்டங்கள் இருபத்துநாலு ஓடும். இடது தோள் ஒவ்வொரு முறையும் இரண்டு சட்டம் தாமதமாக, வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. பன்னிரண்டில் ஒரு பங்கு வினாடி. கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் காதில் அது நொண்டல்.

டைரக்டர் வந்து கேட்டார். "இவள் ஏன் நொண்டுகிறாள்? சீராக நட," என்று சொல்லிவிட்டுப் போனார். சீராக நடந்து பார்த்தாள். இப்போது பிம்பம் ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமும் போயின. ஐரீனே பொய்யாகத் தெரிந்தார்.

"அவங்களுக்கு இடுப்புல என்னவோ ஆயிருக்குங்க," என்றாள் கண்மணி.

"அக்கா, அதை நாம சொல்லக் கூடாது," என்றான் ஆட்ரியன். "அடுத்த படம் அவங்கதான் பண்றாங்கனு பேச்சு. மலைல தபால் கொண்டுபோற பொம்பள வேஷம். படம் பூரா நடைதான். இந்த டைரக்டர்தான் அதுக்கும். கால் சரியில்லனு தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுருவாங்க."

இரண்டு நாள் கழித்து ஐரீன் ஹாலக் அதே ஸ்டூடியோவுக்கு வந்தார். விமானச் சத்தம் விழுந்த வசனங்களைத் திரும்பப் பேசுவதற்காக. மதியம் கண்மணி சரளைக்கல்லைத் துடைப்பத்தால் சமன் செய்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பளத்தின் மீது விழுந்த இரண்டு அடிகளே போதும்.

"நீங்கதானா நான்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் ஐரீன்.

கண்மணி துடைப்பத்தோடு எழுந்து நின்றாள். "ஆமாங்க மேடம். அஞ்சு படமா."

ஐரீன் ஒவ்வொரு தரையையும் பார்த்துக்கொண்டு வந்தார். மரப்பலகை அருகே நின்றார். "லாண்டரிப் படத்துல, சமையலறைக் காட்சில, நீங்க கால்ல என்ன போட்டிருந்தீங்க?"

கண்மணி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். ஏழு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. செருப்பைக் கழற்றிப் பிளாஸ்திரியைப் பிரித்துக் காட்டினாள். கல்யாணமானவர்கள் போடுவது, கழற்றுவதில்லை, அன்றைக்கு நழுவிவிட்டது என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

ஐரீன் அந்த விரலைப் பார்த்தார். "முதல் ஷோல எனக்குக் கேட்டுச்சு. என் காலு அப்படிச் சத்தம் போடாதேன்னு நெனச்சேன். அப்புறம், அந்த விதவை கால்ல ஏதோ ஒண்ணு மிச்சம் இருக்கு, அவ கழட்டல, அதான் சத்தம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். விருது மேடைல ஏறும்போதுகூட யார்கிட்டயும் சொல்லல."

"ரொம்ப நன்றிங்க மேடம்."

"நன்றிக்காகச் சொல்லல. இப்ப என் ரகசியத்த நீங்க வச்சுக்கணும்." ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார், இடது காலை நீட்டியே வைத்துக்கொண்டார். "இடுப்பு மூட்டு தேஞ்சுபோச்சு. டாங்கோ கொடுத்த பரிசு. செட்ல யாருக்கும் தெரியாம சமாளிச்சேன். உங்க காதுக்குத் தப்பாதுன்னு தெரியும். தபால்காரி வேஷத்துக்கு வெள்ளிக்கிழமை முடிவு. டைரக்டர் இந்தத் தாழ்வாரத்தைப் பாத்துட்டுத்தான் சொல்வாரு. என்னை நல்லா நடக்க வைக்க முடியுமா?"

கண்மணி அந்தக் காட்சியை ஓடவிட்டு மூன்று முறை பார்த்தாள். நான்காம் முறை நிறுத்தினாள்.

"மேடம், இந்த ஷாட்டுக்கு முன்னால வீட்டு வாசல்ல பெட்டி எந்தக் கைல வச்சிருந்தீங்க?"

"இடது கை."

"கனமா?"

"ஷூட்டிங் பெட்டி எங்க கனமா இருக்கும்? காலிப் பெட்டி."

"அப்ப அந்தப் பெட்டிய சத்தத்துல கனமாக்கிடலாமுங்க. ஆனா ஒண்ணு." கண்மணி இப்போது அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஒரு காட்சிக்குத்தான் என்னால பெட்டி தூக்க முடியும். தபால்காரி படம் பூராவுக்கும் முடியாது. நீங்க ஆபரேஷன் பண்ணிக்கணும்."

"எனக்குக் கத்தின்னா பயம்."

"எனக்கு அந்த டிங் சத்தம் ஏழு வருஷம் பயமா இருந்துச்சு மேடம். சொல்லிட்டதும் போயிருச்சு."

ஐரீன் ஸ்டூலைப் பிடித்து எழுந்து போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை கண்மணி பழைய தோல் பெட்டி ஒன்றை ரயிலில் தூக்கிக்கொண்டு வந்தாள். வழியில் இரண்டு பயணிகள் தூக்கித் தரட்டுமா என்று கேட்டார்கள். முதலில் அதற்குள் இருபது பவுண்ட் அரிசிப் பையை வைத்திருந்தாள். ஆட்ரியன் ஹெட்ஃபோனைக் காதில் வைத்ததும் தலையாட்டினான். "அரிசி சரசரங்குது அக்கா. மளிகைக் கடைக்குப் போற மாதிரி இருக்கு." ஸ்டூடியோவில் குவிந்துகிடந்த பழைய கம்ப்யூட்டர் மேனுவல்களைத் துண்டில் சுற்றி உள்ளே வைத்தார்கள். இப்போது கைப்பிடி முனகியது. உள்ளே கனமான ஏதோ ஒன்று ஒவ்வொரு அடிக்கும் மெல்ல இடித்தது.

கண்மணி நடந்தாள். இரண்டு சட்டத் தாமதத்தில் ஒன்றைச் சரிசெய்தாள், ஒன்றை அப்படியே விட்டாள். முழுக்கச் சரிசெய்தால் பிம்பம் ஒட்டாது. முழுக்க விட்டால் நொண்டல். அந்த மிச்சமான ஒரு சட்டத்தைப் பெட்டி ஏற்றுக்கொண்டது. இடது தோள் இறங்கும்போது கைப்பிடி முனகியது. கண் தானாகவே சொல்லிக்கொண்டது: பெட்டி கனம், அதனால்தான் தோள் இறங்குகிறது. கண் எப்போதும் காது சொல்வதைத்தான் நம்பும்; இந்தத் தொழிலே அந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

வெள்ளிக்கிழமை டைரக்டர் வந்து பார்த்தார். கண்மணி சுவரோரம் பிளாஸ்திரிச் சுருளைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். காட்சி முடிந்தது. டைரக்டர் இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டார்கள்.

"அந்தப் பெட்டிக்குள்ள அவளோட வாழ்க்கையே இருக்கு போல," என்றார். பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக்கு அப்பால் ஆட்ரியன் மெதுவாகக் கட்டைவிரலை உயர்த்தினான்.

ஐரீன் ஹாலக் ஓய்வெடுக்க டெக்சஸ் போயிருப்பதாக அடுத்த மாதம் பத்திரிகையில் ஒரு வரி வந்தது. எங்கே, எதற்கு என்று இல்லை. தபால்காரிப் படம் ஜூனில்தான் தொடங்கும் என்றும் இருந்தது. கண்மணி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். எட்டு மாதம். போதும்தான், ஆபரேஷனுக்குப் போயிருந்தால்.

2001 ஆகஸ்ட் கடைசியில் அடுத்த பெட்டி வந்தது. உள்ளே மலை ஏறும் பூட்ஸ் ஒரு ஜோடி, சேறு காய்ந்து ஒட்டியபடி. ஆட்ரியன் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"அக்கா, முதல் ரீல் போடவா?"

"இருங்க."

அவள் தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கவிழ்த்தாள். காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள். வலது குதிகால். பிறகு இடது. இரண்டும் ஒரே அளவாக, வெளி ஓரத்தில், கொஞ்சம் அகட்டி நடக்கிறவர்களுக்குத் தேய்வது மாதிரி தேய்ந்திருந்தன.

முன்பக்கம் பஞ்சை அடைக்க இடது பூட்ஸுக்குள் கையை விட்டாள். ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். உறை பிரிக்காத மருத்துவப் பிளாஸ்திரி, ஒரு முழுச் சுருள்.

"என்னக்கா அது?"

"எனக்குத்தான் வந்திருக்கு," என்று சொல்லிவிட்டுக் கண்மணி உறையைப் பிரித்தாள்.