பென்சில் வரைந்த பாதம்

பென்சில் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது, என் மனைவி செண்பகத்தின் பெருவிரலைச் சுற்றி, குதிகாலைச் சுற்றி, தொடாமல், ஆனால் தொட்டுவிடுகிற தூரத்தில், குளியலறையின் காய்ந்த சிமெண்ட் தரையில் குந்தியிருக்கிற கொத்தனார் மரியசூசை தலையைத் தூக்கி என்னவோ சொல்கிறான், சுவரைப் பார்த்து நிற்கிற அவள் சிரிக்கிறாள், வாசலில் அவன் கையாள் டைல்ஸ் அறுக்கிற மெஷின் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை, கூடத்து நாற்காலியில் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, திறந்த கதவு வழியாக அவள் முதுகைத்தான் பார்க்கிறேன், தோள் குலுங்குகிறது, எனக்கு வயிறு எரிகிறது.

தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்து நான் வழுக்கி விழுந்ததால்தான் இந்த வேலையே, ஷவருக்கடியில் சொரசொரப்பான டைல்ஸ் போட்டுவிடலாம் என்றவள் அவள்தான், ஆள் பிடித்தவளும் அவள்தான், மதுரையில் கொத்தனாரே இல்லாததுபோல் திண்டுக்கல்லிலிருந்து, அவள் பிறந்த தெருவிலிருந்து, ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவன், செருப்பைக் கழற்றும்போதே என்ன செண்பகம், அப்படியே இருக்க என்கிறான், நானே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது, இந்தாம்மா, ஏய், அவ்வளவுதான், இன்றைக்கு வேண்டுமென்றே செண்பகம், தண்ணி கொண்டா என்றேன், அவள் திரும்பவில்லை, அவனுக்குக் காபி போனது, விருந்தாளிக்கு எடுக்கிற கப்பில், கண்ணை மூடினால் ஈரக் கலவையில் அவள் பாதங்கள் மட்டும் தனியாக நடந்து திண்டுக்கல்லுக்குப் போகின்றன, நான் நொண்டிக்கொண்டே பின்னால் போகிறேன், விழித்தால் அவன் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறான், கோடெல்லாம் அடியில் மறைகிறது, மறைந்தால் என்ன, இருக்கிறதல்லவா, நான் தினமும் குளிக்கப்போகிற இடத்தில்.

கட்டுப் பிரித்து முதன்முதலாக அதில் நிற்கிறேன், என் வழக்கப்படி சுவரைப் பார்த்து, காலை அகட்டி, தண்ணீர் பாதத்தில் தேங்காமல் வாட்டமான சரிவில் ஓடிவிடுகிறது, கை தானாகப் போன இடத்தில் புதுக் கைப்பிடி இருக்கிறது, செண்பகமோ முக்காலியில் உட்கார்ந்து வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்கிறவள், இவளுக்கு எதற்கு ஷவர் என்று அப்போதுதான் உறைக்கிறது, ஈரத் துண்டோடு அடுப்படி வாசலில் போய் நிற்கிறேன், அன்னைக்கு எதுக்கு அவன் உன் காலைச் சுத்திக் கோடு போட்டான் என்று கேட்கிறேன். அவள் அரிசி களைந்துகொண்டே சொல்கிறாள், எங் காலா, அது உங்க காலுதான, குளிக்கையில அவுக எப்படி நிப்பாகன்னு கேட்டான், நீங்க எந்திரிக்க முடியாம இருந்தீக, முதுகு தேய்க்க வரையில பாத்ததுதான, உங்கள மாதிரியே தொப்பையத் தள்ளிக்கிட்டு நின்னு காமிச்சேன்.

நெஞ்சு குளிர்ந்துவிட்டது, இத்தனை வருஷமாக என்னைப் பார்த்து வைத்திருக்கிறாள், ஆனால் ஒரு நிமிஷம்தான், மறுபடி எரிகிறது, அவள் நானாக நின்றதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் அவன், நான் முதுகைப் பார்த்தேன், என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை, எனக்கும் ஒரு தடவை நின்னு காமி என்று கேட்கிறேன், தரையெல்லாம் சொட்டச் சொட்ட. போங்க, அதெல்லாம் அன்னைக்கே காமிச்சாச்சு என்கிறாள்.