இரண்டா மூன்றா

கூடத்துக்கு இன்னொரு மின்விசிறி வேண்டும் என்று கொழுந்தன் கணினியின் பிளக்கில் கை வைத்தபோது, காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள் வாயைத் திறந்தாள்.

“தம்பி, அதை மட்டும் தொடாதே. நாலு மணிக்குள்ள முடிஞ்சிடும்.”

அவன் அண்ணனை எடுப்பதும் நாலு மணிக்குத்தான். வேறு பிளக் தேடிப் போனான்.

அவள் பல் டாக்டர். கணவர் இயற்பியல் பேராசிரியர். கண்ணாடித் துகளும் பிசினும் தாறுமாறாகக் கலந்த பொருளுக்குள் ஒளி எப்படி முட்டி மோதிப் போகிறது என்று கணினியில் கணக்குப் போடுகிறவர். அவள் பல் அடைக்கிற பசையும் அந்த மாதிரிக் கலவைதான். நீல விளக்கைக் காட்டினால் இறுகும். எவ்வளவு ஆழம் வரை இறுகும் என்பதில்தான் ஆறு வருடச் சண்டை. மூன்று மில்லிமீட்டர் என்றது அவர் கணக்கு. இரண்டைத் தாண்டினால் அடியில் கொழகொழவென்று கிடக்கும், என் கைக்குத் தெரியும் என்பாள் இவள். உங்கள் கணக்கில் துகளெல்லாம் கோலிக்குண்டு மாதிரி இருக்கிறது, நிஜத்தில் அது உடைத்த கண்ணாடி என்று நூறு தடவை சொல்லியிருப்பாள். மனுஷன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மகா பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தைத்தான் கட்டிக்கொண்டாள், அதுவும் ஆசைப்பட்டு.

இன்று காலை கணக்கை ஓடவிட்டுவிட்டு, “சாயங்காலம் உனக்கு ஒரு விஷயம் சொல்றேன்” என்று சிரித்தார். அவள் காபியோடு திரும்பி வந்தபோது நாற்காலியிலேயே போய்விட்டிருந்தார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கணக்கு முடிந்தது. திரையில் இரண்டு என்று வந்திருந்தது. நம்பாமல் மேலே தள்ளிப் பார்த்தாள். துகளின் வடிவம் என்ற இடத்தில் ‘உடைந்தது’ என்று போட்டிருந்தார். கோப்புக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘அவள் சொன்னபடி’.

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆறு வருடம் கழித்து இறங்கி வந்த மனுஷன், அதை வாயால் சொல்லிவிட்டுப் போகக் கூடாதா?

“அண்ணி, எல்லாரும் காத்திருக்காங்க” என்று கொழுந்தன் வாசலில் நின்று சொன்னான்.

கூடத்துக்குப் போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். காதருகே குனிந்தாள்.

“ரெண்டுதான் வந்துச்சு.”

உதடு லேசாகத் திறந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் முன்பல்லில் விழுந்தது. ஒருமுறை குளியலறையில் விழுந்து உடைத்துக்கொண்டதை அவள்தான் படலம் படலமாக வைத்து அடைத்தாள். பல் எங்கே முடிகிறது, தன் வேலை எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பார்த்தாள். அவளுக்கே தெரியவில்லை.