எட்டு மடிப்புத் தாள்

விடியுமுன்பே பேக்கிங் ஹாலில் பெல்ட் ஓடத் தொடங்கிவிடும். முப்பது பெண்கள் நின்றபடி மருந்து விவரத் தாளை எட்டாக மடித்து மாத்திரைப் பெட்டிக்குள் செருகுவார்கள். விரலில் தாள் கிழித்த கீறல் ஆறுவதற்குள் அடுத்த ஷிஃப்ட் வந்துவிடும்.

அன்று வந்த புதுத் தாள் இரண்டே மடிப்பில் அடங்கியது. முன்வரிசை அக்கா விரித்துப் பார்த்தாள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை கூடாது என்ற வரியைக் காணோம்.

அவள் புருஷனுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே பழுது. முட்டிவலிக்கு டாக்டர் இதே மாத்திரையை எழுதியபோது, கூடாதென்று அவள் சொல்லிப் பார்த்தாள். டாக்டர் விசாரிக்காமல் விடுகிறவரல்ல. மேசையில் இருந்த பளபள அட்டையைப் படித்தார்; அது கம்பெனி கொடுத்தது. மருந்து விற்க வரும் கம்பெனி ரெப்புக்குப் போன் போட்டார். கம்பெனி பேனாவை மூடிக்கொண்டு, "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார். இப்போது புருஷனுக்கு வாரம் மூன்று தடவை மெஷினில் ரத்தம் கழுவுகிறார்கள்.

முதலாளி சுற்றி வந்தபோது அக்கா மறித்தாள். "தாள்ல ஒரு வரி காணாமப் போயிருக்கு முதலாளி."

"அது டாக்டருங்களை வீணா பயமுறுத்துது. மடிக்கிறவளுக்குப் படிக்கிற வேலை எதுக்கு?"

"பதினோரு வருஷமா மடிக்கிறேன். கண்ணைக் கழட்டி லாக்கர்ல வச்சிட்டா வர முடியும்?"

ஹால் சிரித்தது. பழைய தாளையெல்லாம் பாய்லரில் போடச் சொல்லிவிட்டு முதலாளி போனார்.

"இந்தக் கட்டு எரியவே மாட்டேங்குது தங்கச்சி, ஒரே ஈரம்" என்று பழைய தாள் கட்டை அக்காவிடமே தள்ளிவிட்டார் பாய்லர்காரர். தாள் சருகாய்க் காய்ந்திருந்தது.

சனிக்கிழமை கம்பெனி செலவில் அறிவியல் கருத்தரங்கு. அறிவியல் இருபது நிமிடம், விருந்து மூன்று மணி நேரம். முந்நூறு டாக்டர்களுக்கான பரிசுப் பைகளும் பேக்கிங் ஹாலுக்கே வந்தன.

"அந்தாளு மேடையில வேர்த்து ஒழுகறதை நான் கண்ணால பார்க்கணும்டி" என்றாள் அக்கா.

"தனியா பார்த்துடுவியா? நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

பளபள அட்டைகள் வெளியே வந்தன. அந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்ட பழைய தாள்கள் உள்ளே போயின. ஹாலின் போன் நம்பரை எழுதி, ஆளுக்குப் பத்துத் தாளில் கையெழுத்தும் போட்டார்கள்.

"நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது எல்லாம் உங்க பையிலயே இருக்கு!" என்று மேடையில் முழங்கினார் முதலாளி. அந்த மைக்கில் அவர் பேசிய முதல் உண்மை அது. முந்நூறு தாள்கள் விரிந்தன. நரைத்த டாக்டரம்மா ஒருவர் எழுந்தார்.

"இந்த வரி உங்க ரெப் குடுத்த அட்டையில ஏன் இல்ல?"

முதலாளி தண்ணீர் கேட்டார். பை கொடுக்க வந்திருந்த அக்காவே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் நெற்றியில் வேர்வை இறங்குவதை ஆசை தீரப் பார்த்தாள். ஆசை தீரவில்லை. புதுத் தாள் இன்னும் மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

திங்கட்கிழமை முதலாளி ஹாலுக்குள் பாய்ந்தார். "இவளை வெளிய தள்ளு! மத்தவங்க பெல்ட்டுக்குப் போங்க."

ஒருத்தியும் நகரவில்லை.

"முப்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம்" என்றாள் பக்கத்தில் நின்றவள். "அதையும் படிக்கலையா முதலாளி?"

போன் அடித்தது. சூப்பர்வைசர் பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டு விழித்தார். "யாரோ டாக்டர் சார்... மாத்திரையைப் பத்தி இங்கதான் கேட்கணுமாம்."

"கீழே வை!"

வைத்தார். மறுபடி அடித்தது.

"எவளாவது எடுத்தா எல்லாருக்கும் வேலை போயிடும்!"

போகலாம். முப்பது பேரும் போனை நோக்கி நடந்தார்கள்.